நிரலாக்கத்தில் அடுத்து எதைக் கற்பது? பஸ்ஸிலும் திண்ணையிலும் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பஸ் அரியாங்குப்பத்தைத் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு என் வேலை தெரிந்துவிடும். கிருமாம்பாக்கம் வருவதற்குள் கேள்வி வந்துவிடும்: "அக்கா, பைத்தான் முடித்துவிட்டேன். அடுத்து என்ன?" ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு உட்காருகிறார்கள். அவர்கள் கேட்பதும் இதையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைக்கிறேன்.

அடிப்படைப் பாடம் முடித்துவிட்டேன். அடுத்து எதைப் படிக்க வேண்டும்?

உங்கள் நிரல் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ, அதைப் படியுங்கள். "நிரல் எதுவும் எழுதவில்லை அக்கா, வீடியோதான் பார்த்தேன்" என்பவருக்குப் புதுப் பாடமே வேண்டாம். முதலில் ஒன்றை எழுதி முட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம், பி.காம். மாணவி. அவள் அப்பா காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கத்து விவசாயிகளிடம் முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து, பருப்பாக்கி விற்பவர். யாரிடம் எத்தனை மூட்டை, என்ன விலை, எவ்வளவு கொடுத்தாயிற்று, பாக்கி என்ன என்பதெல்லாம் நீளமான ஒரு கணக்கு நோட்டில் இருக்கும். அதை நிரலாக்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பெயர், மூட்டை, எடை, விலை ஆகியவற்றைக் கேட்டு மொத்தத்தைச் சொல்லும் நாற்பது வரி நிரலை எழுதினாள். அருமையாக ஓடியது. நிரல் ஓடிய சன்னலை மூடித் திறந்தாள். எல்லாக் கணக்கும் போய்விட்டது.

அங்கே முட்டியது. ஆகவே அடுத்த பாடம், கோப்பில் எழுதுவதும் படிப்பதும். நான்கு நாளில் கற்றுக்கொண்டாள். பத்து நாள் கழித்து வேறொரு சிக்கல் வந்தது. ஒரே விவசாயியின் பெயரை அவள் ஒரு விதமாகவும், அவள் தம்பி முன்னெழுத்தோடும், அப்பா ஊர்ப்பெயரோடும் பதிந்திருந்தார்கள். நிரல் அவரை மூன்று பேராக எண்ணி மூன்று பாக்கி காட்டியது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, ஆள் விவரத்தை ஓர் அட்டவணையிலும் கொள்முதலை இன்னோர் அட்டவணையிலும் வைக்க வேண்டிய தேவை அப்போதுதான் புரிந்தது. இப்படி அட்டவணைகளாக வைத்திருப்பதுதான் தரவுத்தளம். அந்தச் சொல்லை அதுவரை அவள் தேர்வுக்கு மனப்பாடம் மட்டும் செய்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் மாலை, ஓடிக்கொண்டிருந்த நிரலைத் திருத்தப்போய்க் கெடுத்துவிட்டாள். பழையது எப்படி இருந்தது என்று நினைவில்லை. அடுத்த பாடம் கிட், நிரலின் பழைய நிலைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் கருவி. பிறகு அப்பா, "இதை என் போனில் பார்க்க முடியாதா அம்மா?" என்று கேட்டார். அடுத்த பாடம் இணையப் பக்கம்.

இந்த வரிசையை அவளுக்கு யாரும் போட்டுத் தரவில்லை. முந்திரிதான் போட்டுத் தந்தது. உங்கள் வீட்டில் முந்திரி இல்லாவிட்டால் சீட்டுக் கணக்கு இருக்கும், தேவனாம்பட்டினத்தில் மாமாவின் மீன் ஏலக் கணக்கு இருக்கும், அதுவும் இல்லையென்றால் விடுதி மெஸ் கணக்காவது இருக்கும்.

"முடித்துவிட்டேன்" என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். வீடியோ, பழைய குறிப்பு, ஏ.ஐ. எதுவும் வேண்டாம். பத்து மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் வாங்கி, தேறாதவர்களை மட்டும் காட்டும் நிரலை எழுதுங்கள். மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது "ஐம்பது" என்று எழுத்தில் கொடுத்தால் நிரல் செத்துவிடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் முடிந்தால் அடிப்படை இருக்கிறது. முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்த்ததைக் கற்றதாக நினைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நீச்சல் வீடியோ பார்த்துவிட்டுக் கெடிலம் ஆற்றில் குதிப்பவர் இல்லை. இதில் மட்டும் குதித்துவிடுகிறோம்.

கல்லூரியில் சி சொல்லித் தருகிறார்கள். சீனியர் ஜாவா என்கிறார். வீடியோவில் பைத்தான் என்கிறார்கள். எந்த மொழி?

கையில் இருக்கும் மொழி. கல்லூரியில் சி இருந்தால் சி. தேர்வும் எழுத வேண்டுமே.

மொழிச் சண்டை பஸ்ஸில் பொழுதுபோக்க நல்லது, படிப்புக்கு உதவாது. சி மொழியை டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் உருவாக்கியது 1972 வாக்கில். பைத்தான் 1991-இல் வெளிவந்தது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 1995-ஆம் ஆண்டுப் பிள்ளைகள். பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர உறவு இல்லை. நான்குமே இன்றும் சோறு போடுகின்றன. மாறி (மதிப்புக்கு வைக்கும் பெயர்), நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பச் செய்வது), ஃபங்ஷன் (பெயர் வைத்த சிறு நிரல்துண்டு), பட்டியல் இந்த ஐந்தும் ஒரு மொழியில் கைவந்துவிட்டால், அடுத்த மொழிக்குப் போகும்போது எழுதும் முறைதான் மாறும். யோசிக்கும் முறையில் பெரிய மாற்றம் இருக்காது. மாதம் ஒரு மொழி என்று தாவியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மொழிகளில் "வணக்கம்" என்று அச்சிடத் தெரியும், ஒன்றில்கூடக் கணக்கு எழுதத் தெரியாது.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் நிரல் உலாவிக்குள் ஓட வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் ஆகாது. அப்போது மாறுங்கள்.

எச்.டி.எம்.எல். நிரலாக்கமா?

இல்லை, பக்கத்தைக் குறியிடும் மொழி. அதற்காக அதை இளக்காரமாகப் பேசுபவர்களோடு சேராதீர்கள். ஒரு வாரத்தில் வேண்டிய அளவு வந்துவிடும்.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது எது?

எஸ்.க்யூ.எல்., அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி. இதைத் திண்ணையில் சொல்லும்போது முகங்கள் வாடிவிடும், ஏனென்றால் பளபளப்பு இல்லாத பாடம். 1974-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் வடிவமைத்தது. மின்கட்டணம், ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு என்று எங்கே தொட்டாலும் அடியில் பெரும்பாலும் இந்த மொழியில் பேசும் தரவுத்தளம் ஒன்று இருக்கும். என் வேலையில் வாரத்துக்கு மூன்று நாள் எழுதுவது இதைத்தான்.

தொடங்குவதற்கு எஸ்.க்யூ.லைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். தனியாக நிறுவ வேண்டியதில்லை, பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. உங்கள் பல செயலிகள் அதில்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன. இரண்டு அட்டவணைகளை இணைத்து, "இந்த மாதம் கொட்டை போட்டும் இன்னும் பணம் வாங்காதவர்கள் யார்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் வாங்கிப் பாருங்கள். அதே வேலையை லூப்பில் எழுதியவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் ருசி தெரியும்.

கிட் இப்போதே வேண்டுமா?

உங்கள் மடிக்கணினியில் "புராஜெக்ட் கடைசி", "புராஜெக்ட் கடைசி புதிது", "இதுதான் கடைசி" என்று மூன்று கோப்புறைகள் இருந்தால் வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்க 2005-இல் எழுதிய கருவி. தொடக்கத்துக்கு நான்கைந்து கட்டளைகள் போதும், ஒரு பிற்பகல் வேலை. கிளை, இணைப்பு எல்லாம் இன்னொருவரோடு சேர்ந்து எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தரவுக் கட்டமைப்பும் (தரவை அடுக்கிவைக்கும் விதம்) படிமுறைகளும் (வேலையைச் செய்யும் வழிமுறை) வேலைக்குத் தேவையா, நேர்காணலுக்கு மட்டுமா?

இரண்டுக்கும்தான், ஆனால் அளவு வேறு.

ஒரு லட்சம் பதிவெண்கள் உள்ள பட்டியலில் ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடு. நிரலை ஓட விட்டுவிட்டு டீ குடித்து வரலாம். பார்த்த எண்களைப் பைத்தான் செட்டில் (ஒரு மதிப்பை ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு) போட்டுக்கொண்டே போனால் ஒரு லட்சம் முறை பார்த்ததும் வேலை முடிந்தது. கண் இமைப்பதற்குள் விடை வரும். இன்னொன்று: அதே ஒரு லட்சம் எண்கள் வரிசைப்படுத்தி இருந்தால், நடுவில் திறந்து, பாதியைத் தள்ளி, மறுபடி நடுவில் திறந்து என்று தேடும்போது 17 முறைக்குள் கிடைத்துவிடும். அகராதியில் சொல் தேடுகிற அதே பழக்கம்தான், இதற்குப் பெயர் இருபாதித் தேடல்.

பட்டியல், செட், அகராதி (டிக்ஷனரி), அடுக்கு (ஸ்டாக்), வரிசை (கியூ), வரிசைப்படுத்தல், இருபாதித் தேடல் ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். வளாக நேர்காணல் ஓராண்டுக்குள் வருகிறது என்றால் மரமும் (ட்ரீ) வரைபடமும் (கிராஃப்) சேர்த்துத் தினம் ஒரு கணக்கு போடுங்கள். பிடிக்காவிட்டாலும் போடத்தான் வேண்டும், வேலையின் வாசலில் நிற்கும் காவலர் அந்தக் கணக்குதான். இரண்டாம் ஆண்டிலேயே முந்நூறு கணக்கை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு முழு நிரலைக்கூடக் கட்டாமல் வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

நேராகச் செயற்கை நுண்ணறிவு படித்துவிடலாமா?

படிக்கலாம். உள்ளே போனதும் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் வாசலிலேயே மறிக்கும். பன்னிரண்டாம் வகுப்பு அணிக்கோவை நினைவிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரவைத் துப்புரவாக்குவதில்தான் பெரும்பாலான நேரம் போகும், அதற்கும் பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் வேண்டும். ஆகவே மேலே சொன்னது எதுவும் வீண் போகாது.

ஏ.ஐ.யே நிரல் எழுதித் தருகிறதே, நான் எதற்குக் கற்க வேண்டும்?

அந்த முந்திரி மாணவியே ஒரு பகுதியைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி ஒட்டினாள். அழகான நிரல். ஒரு வாரம் கழித்து, பணம் முழுவதும் வாங்கிவிட்ட ஒருவர் பாக்கிப் பட்டியலில் நின்றுகொண்டிருந்தார். எதிரே பாக்கித் தொகை: 0.00. அப்பா சிரித்துவிட்டார்: "பூஜ்யத்தை எப்படி அம்மா கொடுக்கிறது?"

பைத்தானிடம் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள், 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் நீள்கிறதல்லவா? அதுபோல 0.1 என்ற எண் கணினியின் இரும எண் முறையில் முடிவதே இல்லை. எங்கேயோ வெட்ட வேண்டும், வெட்டிய துணுக்கு இப்படி வெளியே தலைகாட்டும். அவள் நிரலில் பாக்கி பூஜ்யத்தைவிட ஓர் இம்மி கூடுதலாக இருந்திருக்கிறது. திரையில் இரண்டு இலக்கம் மட்டும் காட்டியதால் 0.00. ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தவறு எங்கே என்று தேட அவளால் முடிந்தது, ஏனென்றால் மற்ற வரிகளை அவளே எழுதியிருந்தாள். முழுவதும் வாங்கி ஒட்டியிருந்தால் அப்பா நோட்டுக்கே திரும்பிப் போயிருப்பார். முதல் ஆறு மாதம் நீங்கள் எழுதுங்கள், ஏ.ஐ.யை விளக்கச் சொல்லுங்கள். பிறகு அது எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள்.

எனக்கு ஆங்கிலம் வராது. முடியுமா?

முடியும். நிரல்மொழியில் ஆங்கிலச் சொற்கள் சில டஜன்தான். உண்மையான தடை பிழைச் செய்தி. சிவப்பு எழுத்தில் பத்து வரி வந்ததும் பலர் பயந்து மூடிவிடுகிறார்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது அங்கே இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். இந்த இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருளும் தீர்வும் எழுதிவாருங்கள். முப்பது பிழைகள் சேர்ந்தபின் புதிதாக வருவது குறைந்துவிடும்.

தமிழை வைத்து ஏதாவது பயிற்சி செய்யலாமா?

கேட்டதற்கு நன்றி. எனக்குப் பிடித்த இடம் இது.

"கடலூர்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேளுங்கள். நமக்கு நான்கு எழுத்து: க, ட, லூ, ர். பைத்தான் ஆறு என்று சொல்லும். எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் லூ என்பது ல ஒன்றும் நெடில் குறி ஒன்றும். ர் என்பது ர ஒன்றும் புள்ளி ஒன்றும். "புதுச்சேரி" நமக்கு ஐந்து, அதற்குப் பத்து. சரி, "கடலூர்" என்பதைத் தலைகீழாக்கச் சொன்னால்? ஆதரவில்லாத ஒரு புள்ளி முன்னால் நிற்க, லகரத்தின் குறியை ரகரம் பிடித்துக்கொண்டு, "ரூலடக" என்று வரும். எங்கள் ஊரை இதைவிட யாரும் சிதைத்ததில்லை, புயல் உட்பட.

அகர வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். "மரம்", "மனம்" இரண்டில் நம் அகராதியில் மரம் முன்னால் வரும். யூனிகோடு எண் வரிசையில் ன முன்னால் இருப்பதால் கணினி மனத்தை முன்னால் வைக்கும். எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரிக்கும் ஃபங்ஷன், தமிழ் முறையில் வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் இரண்டையும் நீங்களே எழுதுங்கள். இரண்டு வாரம் பிடிக்கும். குறியேற்றம் (எழுத்தை எண்ணாக வைக்கும் முறை), பட்டியல், டிக்ஷனரி எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஆயத்தமாக ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் (பிறர் எழுதிவைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) இருக்கிறது, ஆனால் அதைப் பிறகு பாருங்கள்.

மடிக்கணினி இல்லை. கைப்பேசி மட்டும்தான்.

பைத்தான் ஓட்டும் செயலிகள் ஆண்ட்ராய்டில் இருக்கின்றன. உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபும் இலவசம். சிறு நிரல்கள் பழகலாம். கட்டைவிரலால் நூறு வரிக்கு மேல் அடிப்பது கொடுமை, அதை மறைக்க மாட்டேன். முதலில் தாளில் எழுதி, மாறிகளின் மதிப்பு வரிக்கு வரி எப்படி மாறுகிறது என்று கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, கல்லூரி ஆய்வகத்தில் அடித்துப் பாருங்கள். தாளில் பழகியவர்களின் நிரலில் பிழை குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதத்தில் எல்லாம் சொல்லித் தருகிறோம் என்கிற பயிற்சி மையத்தில் சேரலாமா?

என் சித்தி மகன் அப்படி ஒன்றில் 40,000 ரூபாய் கட்டினான். பன்னிரண்டு வாரத்தில் ஒன்பது பாடங்கள். தரவுத்தளம் புரியத் தொடங்கிய வாரத்தில் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது, பார்க்கும்போதெல்லாம் சித்தி பெருமூச்சு விடுகிறார். நல்ல மையங்களும் உண்டு. சேருமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "போன முறை படித்தவர்கள் கட்டிய நிரலை ஓட்டிக் காட்டுவீர்களா?" பேச்சு மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பணம் கட்டாமல் படிக்க ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்.பி.டெல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் இருக்கிறது. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் அதில் உண்டு, நிதானமான பாடம்.

கலை, வணிகம் படித்தவர்கள் வரலாமா?

முந்திரிக் கதை பி.காம். மாணவியுடையது.

ஒரே நேரத்தில் எத்தனை படிக்கலாம்?

ஒன்று. அதிகம் போனால் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்து ஒன்றரை.

படித்துக்கொண்டிருப்பதை எப்போது விட்டுவிடலாம்?

சலிப்பு வந்தால் விட வேண்டாம், பத்து நாளில் போய்விடும். அதை வைத்துச் செய்ய நினைத்த வேலை முடிந்துவிட்டால் தாராளமாக விடுங்கள். எந்தத் தொழில்நுட்பத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்தவர் என் அலுவலகத்தில் இல்லை.

நீங்கள் அடுத்து என்ன கற்கப் போகிறீர்கள் அக்கா?

நெல்லித்தோப்பில் ஒரு மளிகைக் கடைக்கு ரசீது நிரல் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் பொருள்களின் பெயர் தமிழில் வர வேண்டும் என்றார். திரையில் துவரம்பருப்பு துவரம்பருப்பாகவே இருக்கிறது. ரசீது அச்சிடும் சிறிய வெப்ப அச்சுப்பொறியில் கட்டம் கட்டமாக வருகிறது. அதற்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றி அனுப்ப வேண்டும். புள்ளிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு கிலோ வெல்லம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தது.